அரை லீற்றர்

உவர்மலையில் மின்சாரம் போய் இரண்டு மணித்தியாலம்.
மடிக்கணினியில் பதினொரு வீதம் மிச்சம்.
விடியுமுன் அனுப்பவேண்டிய அறிக்கையில்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சொற்கள்,
இரண்டும் அவர்களுடையவை.
தமிழில் எனக்கு ஒன்றுதான் கைக்கு வருகிறது:
உதவி.

முதலாவதன் வேர்
மனிதர்மேல் அன்பு என்கிறது அகராதி.
சரி. அன்பு என்றால் எனக்குக் கனகசூரியரைத் தெரியும்.
ரொறன்ரோவிலிருந்து வந்து
வெருகலில் தாய் பிறந்த ஒழுங்கையை
நடந்தே தேடிக் கண்டுபிடித்தவர்.
நூறு யார் தள்ளி மேடு இருந்தது.
அவர் பள்ளத்தில்தான் மருந்தகம் கட்டினார்,
அம்மா விளையாடின மண் என்று.
கறுப்புக் கல்லில் அம்மாவின் பெயர்,
கீழே அவருடையது, கொஞ்சம் சிறிதாக.
திறப்பு விழாவில் அவர் பேசப் பேச
அதிகாரிகளுக்கு நான் சிங்களத்தில் சொன்னேன்.
நடுவில் அழுதார்.
அதற்கு என் வேலை தேவைப்படவில்லை.

பரிபூரணத்தின் இரண்டாவது பெடியன்
அங்கே உள்ள கட்டிலில்தான் பிறந்தான்,
கழுத்தில் கொடி சுற்றி, நீலமாக.
தாதி இருந்தாள். ஒட்சிசன் இருந்தது.
ஆகவே கல்லைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன்.

இரண்டாவது சொல்லுக்கு வேர் தேடவில்லை.
அதற்கு நிஸ்தார் இருக்கிறார்,
கிண்ணியா, பவுசர் சாரதி.
மகாவலி கரை மீறிய மார்கழி.
கிணறுகளில் ஆடுகள் மிதந்தன.
ஆளுக்குப் பதினைந்து லீற்றர், ஒரு நாளைக்கு.
நான் பெயர் எழுத, அவர் குழாய் பிடிப்பார்.
மூன்றாம் நாள் வரிசையில் ஒருவன்,
தலை நரைத்து, இடது காது மடல் பாதி இல்லாமல்.
தண்ணீர் விழும் சத்தம் நின்றது.
நான் நிமிர்வதற்குள்
மறுபடி விழுந்தது.
கேனில் கோடுவரை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அன்றிரவு பவுசர் சில்லோடு சாய்ந்திருந்து
இரண்டு பீடி முடியும்வரை அவர் கதைக்கவில்லை.
மூன்றாவதில்:
"எங்கட வாப்பாட கடைக்கு நெருப்பு வெச்ச கூட்டத்தில
அந்தக் காதையும் கண்டன் சேர்."
மன்னிச்சிட்டீங்களா என்றேன், மடையன்.
"மன்னிக்கிறதா? பதினஞ்சு எண்டு சொன்னாங்க.
பதினஞ்சு ஊத்தினன்."

அதில் அன்பு இல்லை. தேடிப் பார்த்தேன்.
அன்பு ஒழுங்கையைத் தெரிந்தெடுக்கும்,
பள்ளம் என்றாலும் அங்கேயே கட்டும்.
அளவு, முகம் தெரிந்தும் ஊற்றும்.
இப்படி எழுதிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.
ஆனால் நிஸ்தாரின் தண்ணீர்
மறுநாளே மூத்திரமாய்ப் போய்விட்டது.
பங்குனியில் திட்டம் முடிந்ததென்று
பவுசரைத் திருப்பி எடுத்துப்போனார்கள்,
கிணறு கலங்கித்தான் கிடந்தது.
கட்டில் இன்னும் இருக்கிறது.
பெடியன் நேசரிக்குப் போகிறான்.

ஆறு வீதம்.
கொழும்புக்குக் குறுஞ்செய்தி போட்டேன்:
இரண்டுக்கும் வேறு வேறு சொல் கட்டாயமா?
பதில் உடனே வந்தது, அங்கே கரண்ட் இருக்கும்போல:
ஒரே சொல் போதும்,
அட்டவணையில் இடம் காணாது.
போட்டேன். அனுப்பியும் விட்டேன்.

போன கிழமை பாலத்தடியில் நிஸ்தாரைக் கண்டேன்.
இப்போது மணல் லொறி ஓடுகிறார்.
வேறேதோ கதைத்துக்கொண்டிருந்தவர்
கதவைச் சாத்துமுன் சொன்னார்:
"அவன்ட கேன்ல மண்ணெண்ணெய் நாத்தம் சேர்.
ரெண்டு தரம் அலசித்தான் ஊத்தினன்."

பதிவேடு இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது.
வழங்கியது: பதினைந்து. கைநாட்டு.
அலசிச் சேற்றில் கொட்டியது
அரை லீற்றர் வரும்.
குனிந்து அடுத்த பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்,
காணவில்லை.
கண்டிருந்தாலும்
எந்த நிரலில் எழுதியிருப்பேன்?